பாதி ஸ்ட்ராபெரி

கடலூர் செம்மண்டலத்தில் இருந்த அந்தப் பழக்கடைக்காரரிடம் நான்கு குளிர்காலம் ஸ்ட்ராபெரி வாங்கியிருக்கிறேன். ஒரு பழத்தையாவது நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை. கடைசியில் ஒரே ஒரு முறை வாய் திறந்து சொன்னார். அந்த ஒரு முறைதான் இன்றுவரை என்னைப் போட்டுக் குழப்புகிறது.

எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் பொழுது போகாமல் கேக் செய்யக் கற்றுக்கொண்டவள் நான். அது பிழைப்பாகிவிடும் என்று நினைக்கவில்லை. முதலில் எங்கள் தெரு, பிறகு மஞ்சக்குப்பம், பிறகு சிதம்பரம் வரைக்கும் ஆர்டர் வர ஆரம்பித்தது. கடலூரில் ஸ்ட்ராபெரி கேக் என்றால் அப்போதெல்லாம் எசன்ஸ் ஊற்றிய ரோஸ் கலர் கிரீம்தான். நான் நிஜப் பழம் வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தத் தலைக்கனத்துக்குப் பழம் கொடுத்தவர் அவர்.

மார்கழி பிறந்ததும் அவர் கடையில் ஸ்ட்ராபெரி வர ஆரம்பிக்கும். மகாபலேஷ்வரில் பறித்தது சென்னைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஏறி, காலை ஏழு மணிக்கு அட்டைப்பெட்டியாக இறங்கும். உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள். எல்லாக் கடையிலும் டப்பாவை மேல்பக்கம் காட்டித்தான் விற்பார்கள். இவர் கவிழ்த்து வைத்து அடிப்பக்கமாகத் திறப்பார்.

"மேல இருக்குறது அனுப்புனவன் மூஞ்சி மேடம். அடியில இருக்குறதுதான் பழம்" என்பார்.

அடியிலிருந்து ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் அட்டை சுற்றிய பிளேடால் நெடுக்கில் இரண்டாக நறுக்குவார். ஒரு பாதியை நம் கையில் கொடுப்பார். "நீங்க சொல்லுங்க." நாம் மென்று முடிக்கும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம்தான் தன் பாதியை வாயில் போட்டுக்கொள்வார். நாம் முகத்தைச் சுளித்திருந்தால் உச்சுக் கொட்டுவார். நாம் கண்ணை விரித்திருந்தால் தலையை ஆட்டுவார். வாடிக்கையாளருக்கு முதல் மரியாதை கொடுக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு கடைக்காரரா என்று என் கணவரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அந்தப் பழத்தோடு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதல் வருடம் வந்தது சின்னச் சின்னதாக, கருஞ்சிவப்பில். டப்பாவைத் திறந்தால் அடுப்படி முழுக்க மணக்கும். சர்க்கரையே வேண்டியதில்லை. அதுதான் ஸ்ட்ராபெரி என்று நம்பி, அந்தக் கணக்கில் ஒரு செய்முறையை எழுதிச் சுவரில் ஒட்டினேன். அடுத்த வருடம் வந்ததோ எலுமிச்சை அளவு. வெளியே ஜோராகச் சிவப்பு, நறுக்கினால் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை. முள்ளங்கிக்குச் சாயம் பூசியது போல. சுவரில் ஒட்டியதைக் கிழித்துப் போட்டேன். அதே வருடம் மாசியில் குளிர் குறைந்ததும் சின்னதாக வேறொன்று வந்தது, கல்லில் அடித்தாலும் நசுங்காது, ஆனால் என்ன இனிப்பு! மூன்றாம் வருடம் மழை பெய்து தண்ணீர் தண்ணீராக. ஊட்டிப் பழம் என்று ஒன்று நடுவில் வந்து பல்லைக் கூச வைத்துவிட்டுப் போனது. தேதியை வைத்துச் சொல்ல முடியாது, நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, அளவை வைத்தும் சொல்ல முடியாது. "போன தடவ கேக் நல்லாயிருந்துதே, இந்தத் தடவ என்னா ஆச்சு?" என்று கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இதே கேள்வி அவர் கடையிலும் தினமும் ஓடும். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் வருவார். பாதிப் பழத்தைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு, "போன வருஷம் மாதிரி இல்லியேப்பா" என்பார்.

"போன வருஷமும் இதையேதான் சார் சொன்னீங்க" என்பார் இவர், பழத்தை அடுக்கியபடி.

"அப்படியா சொன்னேன்?"

"அதுக்கு முந்துன வருஷமும் சொன்னீங்க."

ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டு இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போவார். நான் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்ப்பேன். முதல் வருடப் பழம் நிஜமாகவே அப்படி மணத்ததா, இல்லை முதல் வருடம் என்பதால் மணத்ததா? எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர் ஒருநாள் கடையில் நின்றார். பாதிப் பழத்தை வேண்டாம் என்று கையை ஆட்டினார். "எனக்கு எதுக்கு மச்சான்? வேலை செய்யுற எடத்து வாடையிலயே மூக்கு மரத்துப் போச்சு. ரோஜாவும் ஒண்ணு, கருவாடும் ஒண்ணு" என்றார் சிரித்துக்கொண்டே. இவர் சிரிக்கவில்லை. "திரும்பி வருமா?" என்று கேட்டார். "லீவு போட்டு ஊருக்குப் போனா ரெண்டு நாள்ல வந்துடும்." "நெசமாவா? ரெண்டே நாள்லயா?" என்று மறுபடியும் கேட்டார். அந்த ஆள் போன பிறகும் இவர் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திசையையே பார்த்தபடி இருந்தார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

உறைத்தது மூன்றாவது வருடம். ஒரு வாரமாக விடாத மழை. பஸ் தாமதம், பெட்டிகள் எங்கேயோ நனைந்து கிடந்து வந்திருந்தன. நான் பத்து மணிக்குப் போனேன். கடைக்கு நாலடி முன்னாலேயே வாடை. புளித்த தோசைமாவில் கள்ளை ஊற்றியது போல. போனில் ஒரு ஆர்டர் பேசிக்கொண்டிருந்ததால் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பேசி முடித்துத் திரும்பினால், அவர் ரோட்டைப் பார்த்தபடியே ஒரு பழத்தை நறுக்கி என் பாதியைத் தட்டில் வைத்துவிட்டு, தன் பாதியை மென்றுகொண்டிருக்கிறார். தட்டில் இருந்த பாதி உள்ளே பழுப்பாக நுரைத்திருந்தது.

"அண்ணே, துப்புங்க!" என்று கத்திவிட்டேன்.

"ஏன், நல்லா இல்லீங்களா?" என்றார். விழுங்கிவிட்டிருந்தார்.

தட்டில் இருந்த பாதியை அவர் முன்னால் தள்ளிக் காட்டினேன். பிறகு அவரே சொன்னார். எல்லோரும் அடைந்து கிடந்தோமே, அந்தக் காய்ச்சல் வந்தபோது போன வாசனையும் ருசியும் திரும்பவே இல்லை. ஊரில் எல்லோருக்கும் பத்து நாளில் வந்தது, இவருக்கு வரவில்லை.

"சோறு திங்கிறேன் மேடம். சூடா இருக்குது, ஈரமா இருக்குது. அவ்ளோதான் தெரியும்."

"கடைசியா ருசி தெரிஞ்சு சாப்பிட்டது ஞாபகம் இருக்கா?"

"இருக்குது. இதே பழம்தான். அந்த வருஷக் கடைசி டப்பா. ஒரே புளிப்பு. துப்பிட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அதான் கடைசின்னு தெரிஞ்சிருந்தா முழுங்கியிருப்பேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாததற்கு மரியாதை காரணம் இல்லை. அவருக்கு நம் முகம்தான் நாக்கு. முகத்தைப் பார்த்து, இது இனிப்பு, இது புளிப்பு என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி தலையை ஆட்டியிருக்கிறார். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல மனம் வராததால் வாயைத் திறக்காமலே வியாபாரத்தை ஓட்டியிருக்கிறார்.

"வெளிய சொல்லிடாதீங்க மேடம். ஜனங்க வாங்க மாட்டாங்கன்னு பயமில்ல. பாப்பாவுக்குத் தெரிஞ்சுடக் கூடாது. படிப்ப வுட்டுட்டு கடையில வந்து ஒக்காந்துடும்."

பாப்பா அவருடைய ஒரே மகள். சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா இல்லாத பெண். அப்பாவுக்கு ஒன்று என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கும் ரகம் என்று அவர் பேச்சிலிருந்தே தெரியும்.

அன்றிலிருந்து நான் அவருக்கு நாக்கானேன். காலையில் பெட்டி இறங்கியதும் போவேன். பாதிப் பழம் தின்பேன். நான் சொல்வதை அவர் அப்படியே மனப்பாடம் செய்துகொள்வார். ஒருநாள் நான் அந்தப் பக்கம் காய் வாங்கிக்கொண்டிருக்கும்போது அவர் யாரிடமோ, "மொதல்ல புளிக்கும், பின்னாடி இனிப்பு வரும்னு சாப்பிட்டவுங்க சொல்றாங்க" என்றார். என் வார்த்தை. ஆனாலும் ‘சாப்பிட்டவுங்க சொல்றாங்க’ என்பதைச் சேர்க்காமல் அவரால் சொல்ல முடியவில்லை. இரவல் நாக்கிலும் பொய் சொல்ல வராத மனிதர்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் உண்மையிலேயே இனிப்பான முதல் டப்பா பாப்பாவுக்குப் போக வேண்டும். டிசம்பரிலும் வரலாம், பிப்ரவரி வரை காத்திருக்கவும் நேரிடலாம். சுமாரான பழத்தை அனுப்ப மாட்டார். நான்காவது வருடம், அது பாப்பாவின் கடைசி வருடம், பொங்கல் தாண்டியும் நல்ல பழம் வரவே இல்லை. "இன்னிக்கு அனுப்பலாமா மேடம்?" என்று தினமும் கேட்பார். "இன்னும் வரட்டும்ணே" என்பேன். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சிதம்பரத்திலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. ஒரு டாக்டர் வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். மூன்று அடுக்குக் கேக், மேலெல்லாம் பழம். அது நன்றாக அமைந்தால் அந்த ஊரில் எனக்குக் கதவு திறந்துவிடும். முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கடையில் நின்றேன். இரண்டு பெட்டிகள் வந்திருந்தன. முதல் பெட்டியின் பழத்தைக் கடித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதல் வருடத்துப் பழம்! அதே மணம், அதே கருஞ்சிவப்பு. அந்தப் பெட்டியில் மொத்தம் எட்டு டப்பா. எனக்கு எட்டும் வேண்டும். ஏழில் கேக்கின் அடி அடுக்கு மொட்டையாக நிற்கும்.

இதை நல்ல பழம் என்று சொன்னால் ஒரு டப்பா பாப்பாவுக்குப் போய்விடும்.

நான் முகத்தை மாற்றிக்கொண்டேன். அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது. "சுமார்தாண்ணே" என்றேன். "நாளைக்குச் சிதம்பரம் கேக்குல வெச்சு கிரீம்ல மறைச்சுக்கறேன். எட்டையும் குடுத்துடுங்க." பிறகு இரண்டாவது பெட்டியின் பழத்தைக் கடித்தேன். நல்ல புளிப்பு. கண்ணை விரித்தேன். "இது அருமை. இத பாப்பாவுக்கு அனுப்புங்க."

அவர் தன் பாதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாயில் போட்டு நிதானமாக மென்றார். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "நீங்க சொன்னா சரி மேடம்" என்றார். பிறகு, "நாளைக்கு நீங்கதான் சிதம்பரம் போறீங்களே, பாப்பாகிட்ட இதக் குடுத்துட முடியுமா?" என்று அந்தப் புளிப்பு டப்பாவை என் கையிலேயே கொடுத்தார்.

மறுநாள் காரில் பின் சீட்டில் என் கேக், மடியில் அந்த டப்பா. டாக்டர் வீட்டில் கேக்கைப் பார்த்து எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். நான் அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஹாஸ்டலுக்குப் போனேன்.

பாப்பா கேட்டுக்கே ஓடி வந்தாள். அங்கேயே நின்று டப்பாவைத் திறந்து ஒரு பழத்தைக் கடித்தாள். ஒரு கண் தானாகச் சுருங்கியது. உடனே போனை எடுத்தாள். "அப்பா, சூப்பர்ப்பா! தேன் மாதிரி இருக்குப்பா!" என்றாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"புளிக்குதும்மா, இல்ல?" என்றேன். வேறென்ன பேசுவது என்று தெரியவில்லை.

"கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் ஆன்ட்டி. பரவால்ல. அப்பா ஆசையா அனுப்புறாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆன்ட்டி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பாவுக்கு ருசி தெரியாம இருந்துச்சு. எனக்குத் தெரியாதுன்னு அவரு நெனச்சுக்கினு இருந்தாரு. உப்பே போடாம வெச்சாலும் நல்லாருக்கு பாப்பான்னுவாரு. படிப்ப வுட்டுடலாமான்னுகூட யோசிச்சேன். ஆனா இந்தத் தீபாவளிக்கு ரசம் வெச்சேன். ஒரு வாய் வெச்சதும் எனக்கே மூஞ்சி கோணிப்போச்சு. அதுக்குள்ள அவரே, ‘உப்பு ஜாஸ்தி பாப்பா’ன்னுட்டாரு! நான் பாத்ரூம்ல போய் அழுதேன் ஆன்ட்டி. அதுக்கப்புறம்தான் நிம்மதியா படிக்கிறேன்."

தீபாவளிக்கே ருசி வந்துவிட்டதென்றால், நேற்றுக் காலை அந்த இரண்டு பாதிகளையும் அவர் ருசித்துத்தான் தின்றிருக்கிறார். என் பொய் வாயில் கரைவதைத் தெரிந்துகொண்டேதான் என்னைப் பார்த்திருக்கிறார். தெரிந்தும், மகளுக்குப் புளிப்பை என் கையாலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அடுத்த நாள் காலை போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போனேன். அவர் வழக்கம்போல டப்பாவைக் கவிழ்த்துத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, பாப்பாவுக்கு அனுப்புன பழம்..." என்று ஆரம்பித்தேன்.

"போன் பண்ணுச்சு. தேன் மாதிரின்னுச்சு" என்றார்.

"இல்லண்ணே, நான் உங்ககிட்ட..."

"நேத்துப் பழம் நேத்தோட போச்சு மேடம். இத பாருங்க." ஒன்றை நறுக்கினார். அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக, எனக்குக் கொடுப்பதற்கு முன்பே தன் பாதியை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என் பாதியை நீட்டினார். நான் மென்றேன். அவமானத்தில் எனக்கு வாயில் எதுவும் விளங்கவில்லை. இனிப்பா, புளிப்பா, சத்தியமாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியலண்ணே" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "புளிப்பு மேடம்" என்றார். "சக்கர கொஞ்சம் ஜாஸ்தி போடுங்க."

நான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே தீர்ப்பு. சந்தேகமே இல்லை, ருசி திரும்பிவிட்டது, என்னைக் கண்டுபிடித்துவிட்டார், மன்னித்தும்விட்டார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அழுகையும் நிம்மதியுமாக இருந்தது. அவர் சொன்னபடியே சர்க்கரையைக் கூட்டிப் போட்டு அன்றைய கேக்கைச் செய்து அனுப்பினேன்.

சாயங்காலம் போன் வந்தது. "என்னாங்க, கேக் இப்படித் திகட்டுது? பசங்ககூட ரெண்டாவது துண்டு கேக்கல."

டப்பாவில் மீதியிருந்த பழங்களை ஒவ்வொன்றாகத் தின்று பார்த்தேன். ஒன்றுகூடப் புளிக்கவில்லை. அத்தனையும் நல்ல இனிப்பு.

அப்படியானால் எதை வைத்துப் புளிப்பு என்றார்? என் முகத்தை வைத்தா? அப்போது என் முகம் புளித்துத்தானே இருந்திருக்கும், வெட்கத்தில்! பாப்பாவின் ரசமும் அப்படித்தானா? அவள் முகம் கோணியதைப் பார்த்துத்தான் உப்பு ஜாஸ்தி என்றாரா, மகள் நிம்மதியாகப் படிக்கட்டும் என்று? ருசி திரும்பவே இல்லையா? இல்லை, அடியிலிருந்து நறுக்கிய அந்த ஒரு பழம் மட்டும் நிஜமாகவே புளிப்பா? அதுவும் நடக்கும். அந்தப் பழத்தை நம்ப முடியாது.

அவருக்கு ருசி தெரிந்திருந்தால் நல்லது. நான் ஒரு திருடி என்று தெரிந்தே விட்டுவிட்டார் என்று ஆகும், அதை நான் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருந்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரு மனிதரை ஏமாற்றி, மகளுக்கு அவர் வருடமெல்லாம் காத்திருந்து அனுப்பியதைக் கெடுத்திருக்கிறேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தக் கோடையில் பாப்பாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. அவர் கடையைக் கொடுத்துவிட்டு மகளோடு போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். பாப்பாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. அப்பாவுக்கு நிஜமாகவே ருசி தெரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். அவர் அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றியதை நான் உடைத்தது போல ஆகும். அதனால் பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து மட்டும் அனுப்புகிறேன்.

இந்தப் பொங்கலுக்கு அவளிடமிருந்து பதில் வந்தது. "அப்பா கேக்கச் சொன்னாரு ஆன்ட்டி. இந்த வருஷம் நம்ம ஊருல ஸ்ட்ராபெரி எப்படி இருக்காம்?"

மேஜைமேல் ஒரு டப்பா இருந்தது. கவிழ்த்து அடிப்பக்கமாகத் திறந்து ஒன்றை எடுத்து நறுக்கினேன். இரண்டு பாதியையும் தின்றேன். அவசரப்படாமல் இன்னும் ஒன்றையும் தின்று பார்த்தேன்.

"சுமார்தான்னு சொல்லும்மா" என்று அனுப்பினேன். இந்த முறை அது உண்மை.